கராக்கின் பொங்கல் ரிலீஸ்

என் கடையில் ஸ்டார்ட் பட்டனைத் தொட்டவன் தோற்றவன். இதுதான் சட்டம். அப்பீல் கிடையாது.

வீடியோ கேம் பக்கமே போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பேர் சண்டை கேம் ஆடும்போது, அடி வாங்கப் போகிறவன் கை தவறியது போல ஸ்டார்ட்டைத் தட்டுவான். படம் அப்படியே நின்றுவிடும். மறுபடி ஓடவிடுவதற்குள் அடிக்க வந்தவனுக்குத் தாளம் தப்பிவிடும். தட்டியது யார் என்று டிவி சொல்லாது. இரண்டு பேருமே அம்மா மேல் சத்தியம் செய்வார்கள். அங்கேதான் நான் வருவேன்.

எனக்கு கேமில் அரிச்சுவடிகூடத் தெரியாது. டிவியை நான் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆடுகிறவர்களின் கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரிடம் எப்போது திருட்டுத்தனம் வரும் என்று எனக்குத் தெரியும். சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். நுனி ஒடித்துப் பார்க்காமல் ஒரு வெண்டைக்காய் வாங்கியதில்லை. பால்காரர் சிரித்துக்கொண்டே வந்தால் அன்றைக்குப் பாலில் விரல் விட்டுப் பார்ப்பேன். "சூடாமணிக்கு சாமி பிரசாதம் குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் வாயில போடுவா" என்று எங்காத்துக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். அந்தக் குணம்தான் கடையை நடத்தியது. "நீதான் தட்டினே" என்று நான் கை காட்டினால், காட்டப்பட்டவன் ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவான். மறுபேச்சு இருக்காது.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக் கார் ஷெட். இரண்டு டிவி, இரண்டு மிஷின், ஒரு பெஞ்சு. கார் தெருவில் வெயிலில் காய்ந்தது. அந்த வயிற்றெரிச்சல் எங்காத்துக்காரருக்கு என்றும் தீர்ந்ததில்லை. ஆரம்பிக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டார். "ஒரே ஒரு அடிதடி. அன்னிக்கே ஷட்டரை இறக்கிடுவேன். குடித்தனக்காரா இருக்கற தெரு இது." அவர் சொன்னால் செய்வார். எனக்கோ அந்த ஷெட்தான் உயிர். உள்ளே போனால் நான் சாம்பாரும் ரசமும்தான். அங்கே நாற்காலியில் உட்கார்ந்தால் மந்தைவெளியிலிருந்தும் கோபாலபுரத்திலிருந்தும் வருகிற இருபது, இருபத்தைந்து வயது ஆண்பிள்ளைகள் என் வாயைப் பார்த்து நிற்பார்கள். என் வார்த்தை செல்லுபடியாகிற வரைக்கும் அடிதடி வராது. அடிதடி வராத வரைக்கும் கடை இருக்கும்.

கடையில் சக்கைபோடு போட்டது 'தண்டர் கேட்' என்கிற கேம். மூன்று பாகம் வந்திருந்தது. அதில் பன்னிரண்டு சண்டைக்காரர்கள். அவர்களில் ஒருவன் கராக். பேசமாட்டான். ஒரு கை இரும்பு. மற்றவர்களெல்லாம் ஜெயித்ததும் குதிப்பார்கள், கத்துவார்கள். கராக் மட்டும் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

இந்த முதுகுக்கு ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 'தென்சென்னை கராக் ரசிகர் மன்றம்' என்று தகரப் பலகை எழுதி என் ஷெட் சுவரிலேயே மாட்டியிருந்தான் நெடுஞ்செழியன். அவன்தான் தலைவர். கால்வாய் ஓரத்துக் குடிசைப் பகுதியில் வீடு, மந்தைவெளியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சாபீஸில் வேலை. மையேறிய நகம், கலையாத கிராப்பு. கராக்குக்கு ஒரு பிறந்த நாள் வைத்துக்கொண்டு, அன்றைக்கு எல்லோருக்கும் மிட்டாய் கொடுப்பான்.

"அது பொம்மைடா, நெடுஞ்செழியன்" என்று ஒரு தடவை சொன்னேன்.

"சினிமால மட்டும் இன்னா மாமி, ஆளா வந்து நிக்கிறான்? அதுவும் வெளிச்சம்தான். மத்தவன்லாம் ஜெயிச்சா ஆடறான். இவன் ஒண்ணுமே நடக்காத மாரி திரும்பி நிக்கிறான் பாரு. அதான் கெத்து."

நான் சில்லறையை எண்ணப் போய்விட்டேன்.

தொண்ணூற்றெட்டு கடைசியில் கோபாலபுரத்து சாய்சரண் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையைக் கொண்டுவந்தான். இன்ஜினியரிங் படிக்கிறவன், நன்றாக ஆடுவான், நெடுஞ்செழியனுக்கு நேர் எதிரி. கராக்கை மட்டும் வைத்துத் தனியாக ஒரு கேம் வந்திருக்கிறதாம். கராக்கின் இளமைக் கதை. பழைய காலத்து கேம் மாதிரியே செய்திருக்கிறார்களாம்.

"பழைய காலம்னா பிளாஷ்பேக்" என்று நெடுஞ்செழியன் மன்றத்துக்கு விளக்கினான். "பிளாஷ்பேக்லதான் கை எப்படிப் போச்சுன்னு காட்டுவான். யார் வெட்டினதுன்னு காட்டுவான். பொங்கலுக்கு எறக்கிடலாம் மாமி. ஆனா பஜார் சிடி வாணாம். தலைவர் படத்துக்கு ஒரிஜினல்தான் வேணும்."

என் கடையில் இருந்த சிடி அத்தனையும் பர்மா பஜார் டூப்ளிகேட் சரக்கு. ஊரிலேயே அப்படித்தான். டூப்ளிகேட் ஓடுவதற்காக மிஷினுக்குள் ஒரு சிப் வைத்துத் தருவார்கள். ஒரிஜினல் என்ன நிறம் என்றுகூட எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு ஒரு வழி இருந்தது. என் மச்சினன், எங்காத்துக்காரரின் தம்பி பரத்வாஜ், அமெரிக்காவில் இருந்தான். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று பயந்து, அங்கே நம் பிள்ளைகளைக் கூப்பிட்டு வேலை கொடுத்துக்கொண்டிருந்த சமயம். பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். போனில் கேட்டேன், "வாங்கிண்டு வரேன் மன்னி" என்றான்.

விடிகாலை விமானத்தில் வந்து இறங்கினான். எங்காத்துக்காரர் போய் அழைத்துவந்தார். பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்துக் கொடுத்தது அந்த சிடியைத்தான். அட்டையில் கராக்கின் முதுகு.

சாயங்காலம் மன்றத்தாரிடம் காட்டினேன். "ஒரிஜினலா மாமி?" என்று நெடுஞ்செழியன் கேட்டான்.

"ஒரிஜினல். நான் சொல்றேன்" என்றேன்.

பொங்கலன்று ஷெட் வாசலில் மாவிலைத் தோரணம், கரும்பு. கராக் இரும்புக் கையால் பொங்கல் பானையைத் தூக்குகிற மாதிரி ஒரு போஸ்டர். அச்சாபீஸ் முதலாளிக்குத் தெரியாமல் அடித்தது. டிவிக்குக் கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். அண்டை வீட்டு ஜன்னல்களெல்லாம் திறந்து மூடின. நெடுஞ்செழியன் புதுச் சட்டையோடு முன்னால் உட்கார்ந்து ரிமோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். விசில் காதைப் பிளந்தது. அன்றைக்கு நானும் டிவியைப் பார்த்தேன்.

ஒரு நீலத் திரை வந்தது. அதில் கட்டைவிரல் உயரத்துக்கு ஓர் உருவம். சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டிய மாதிரி. மூக்கும் இல்லை, முழியும் இல்லை. அதுதான் கராக்காம். இளமைக் கதை என்பதால் இரும்புக் கை இன்னும் வரவில்லை. இரண்டு கையும் சொந்தக் கை. ஐஸ் வண்டி மணி மாதிரி டிங்டிங்கென்று ஒரு பாட்டு. கராக் இடமிருந்து வலமாக நடந்தான். குழி வந்தது. விழுந்தான். மறுபடி முதலிலிருந்து நடந்தான். குழி. விழுந்தான். மூன்றாம் தடவை தாண்டிவிட்டான். அந்தப் பக்கம் சண்டைக்கு யாராவது வருவார்கள் என்று பார்த்தால் ஒரு வௌவால் வந்தது. வௌவால் இடித்துக் கராக் செத்தான்.

விசில் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"இன்னா மாமி இது, கைல வச்சி ஆடற தண்ணி கேம் மாரி கீது" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

நெடுஞ்செழியன் திரும்பவில்லை. வௌவாலைத் தாண்டினால் கதை ஆரம்பிக்கும் என்று நம்பினான் போல. மதியம் வரைக்கும் ஆடினான். வௌவாலுக்கு அப்புறம் இன்னொரு குழி. அதற்கு அப்புறம் இரண்டு வௌவால். கடைசியில் சிடியை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வெண்டைக்காயைப் பார்க்கிற பார்வை அது.

"ஒரிஜினல்னு சொன்னீங்களே மாமி."

"ஒரிஜினல்தாண்டா."

"சரி மாமி" என்றான். அந்த 'சரி'யில் சரி இல்லை.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? மறுநாளே மந்தைவெளி டீக்கடையில் கதை கட்டியாகிவிட்டது. மாமி ஒரிஜினலை உள்ளே பீரோவில் பூட்டிவிட்டு பஜார் சிடியை எடுத்துப் போட்டாளாம். ஒரிஜினலைப் போட் கிளப் பணக்காரர் பங்களா ஒன்றுக்குக் கொடுத்துவிட்டாளாம். இன்னொருவன் நான் பூட்டியதைக் கண்ணாலேயே பார்த்தானாம். எங்கள் பீரோவில் பூட்டு போய் வருஷக் கணக்காகிறது.

பேச்சோடு நின்றிருந்தால் போகட்டும் என்றிருப்பேன். அந்த வாரமே ஓர் ஆட்டத்தில் படம் நின்றது. "நீதான் தட்டினே" என்று ஒருவனைக் காட்டினேன். அவன் எழுந்திருக்கவில்லை. "மாமி சொன்னா ஆச்சா? மாமி அதைக்கூடத்தான் ஒரிஜினல்னு சொன்னாங்க" என்றான். எதிரில் ஆடியவன் அவன் சட்டையைப் பிடித்தான். பெஞ்சு கவிழ்ந்தது. நான் நடுவில் போய் நின்றேன், என் கண்ணாடி பறந்தது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து எங்காத்துக்காரர் வந்தார். சட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார்கள். இருந்தாலும் கவிழ்ந்த பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதை அடிதடின்னு நான் எடுத்துக்கலை" என்றார். "அடுத்தது அடிதடி."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிள்ளைகள் மேல் வரவில்லை, பரத்வாஜ் மேல் வந்தது. என் வார்த்தை கெட்டதே அவன் வார்த்தையை நம்பி. அமெரிக்காக்காரன் இப்படி ஒரு குப்பையைச் செய்து, கராக் முதுகை அட்டையில் போட்டு விற்பானா? என் மச்சினன் சிக்கனத்துக்குப் பேர்போனவன். போன தடவை 'ஃபாரின் சோப்பு' என்று கொடுத்ததன் உறையில் பாண்டி பஜார் கடை ஸ்டிக்கர் இருந்தது. இந்த சிடியின் உறையை எடுத்துப் பார்த்தேன். மூலையில் ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம். நகத்தால் நன்றாக, மெனக்கெட்டுச் சுரண்டியிருக்கிறான். ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் எதற்குச் சுரண்ட வேண்டும்?

காபி கொடுக்கும்போது கேட்டேன். "ஏண்டா பரத், அந்த சிடியை எங்கே வாங்கினே?"

"அங்கேதான் மன்னி."

"அங்கேன்னா?"

"கடையில."

"ஸ்டிக்கர் என்ன ஆச்சு?"

அவன் டம்ளரைப் பார்த்தான். "அது... சும்மா எடுத்துட்டேன்."

இவ்வளவு போதாதா? நான் வடகம் பொரிக்கும்போது கேட்டேன். துணி மடிக்கும்போது கேட்டேன். அவன் சிநேகிதன் வீட்டுக்குக் கிளம்பும்போது செருப்பை மறித்து நின்று கேட்டேன். இரண்டு நாள் போல ஆகியிருக்கும். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவனிடம் சாதக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "நிஜத்தைச் சொல்லு" என்றேன்.

"ஆமாம் மன்னி" என்றான். "பர்மா பஜார்ல வாங்கினேன். டூப்ளிகேட்தான். போறுமா? சாதம் போடுங்கோ."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மனசு குளுகுளுவென்றாகிவிட்டது. ஒரு கரண்டி நெய் கூடவே விட்டேன். அன்று சாயங்காலம் ஷெட்டில் நாற்காலி மேல் ஏறாத குறையாக அறிவித்தேன். "எல்லாரும் கேட்டுக்கோங்கோ. என் மச்சினன் என்னை ஏமாத்திட்டான். அது டூப்ளிகேட்."

கைதட்டல். இரண்டாவது முறையும் பொங்கல் வந்துவிட்டது. நெடுஞ்செழியன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் அப்பவே சொன்னேன்ல? தலைவர் வௌவாலாண்ட அடி வாங்குவாரா? எவனோ நம்மாளு ஒருத்தன் பழைய கேம்ல மூஞ்சை மாத்தி விட்டுட்டான். மாமி பாவம், அவங்களுக்கு இன்னா தெரியும்?" என்று எல்லோரையும் பார்த்தான். "மாமி கையில தப்பு இல்ல. இனிமே எவனாவது மாமிய எதனா சொன்னான், அவ்ளோதான்."

மறுநாள் ஷெட் சுவரில் புது நோட்டீஸ்: 'உண்மையான கராக் விரைவில் வருகிறார்.' துபாயில் இருக்கும் அத்தை மகனுக்கு ஃபோன் போட்டிருந்தான். தினம் வேலை முடிந்து வரும்போது மையேறிய கையோடு வாசலிலேயே நின்று, "எதனா தகவல் வந்துச்சா மாமி? உங்க நம்பர்தான் குடுத்திருக்கேன்" என்பான். என் தீர்ப்புக்குப் பழைய மரியாதை வந்தது. தட்டியவன் எழுந்தான். பெஞ்சு கவிழவில்லை.

பரத்வாஜ் மட்டும் தெருவில் போனால், "டேய், டூப்ளிகேட்டு போறாருடா" என்று குரல் வரும். அவன் காதில் விழாத மாதிரி நடப்பான். சிரித்துக்கொண்டே நடப்பான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் அப்படிச் சிரிக்கமாட்டான். தப்பு பண்ணியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கோபப்படுவார்கள்.

வேண்டிய பதில் கிடைத்தால் சந்தேகம்கூடக் கண்ணயர்ந்துவிடுகிறது. இப்போது விழித்துக்கொண்டது. எங்காத்துக்காரரிடம் கேட்டேன். "ஏன்னா, பரத்தை அழைச்சுண்டு வந்தேளே, வழியில பர்மா பஜார் பக்கம் போனேளா?"

"மீனம்பாக்கத்துலேர்ந்து அபிராமபுரம் வரதுக்கு எவனாவது பீச் வழியா சுத்துவானா? காபிக்குக்கூட நிறுத்தலை. விடியக்கூட இல்லையே."

பெட்டியைத் திறந்ததும் எடுத்துக் கொடுத்தான். பஜார் எப்போது போனான்? இந்தக் கேள்வியைச் சாதக் கரண்டியோடு நின்றபோதே நான் கேட்டிருக்க வேண்டும்.

பெசன்ட் நகரில் என் அக்கா பெண் ஷ்ரேயா இருக்கிறாள். அவர்கள் அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர்கள். அங்கேயே வாங்கிய மிஷின் அவளிடம் இருந்தது. அதில் சிப் வைக்கவில்லை. சிப் இல்லாத மிஷினில் டூப்ளிகேட் ஓடாது. இது கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கே தெரியும். ஒரு பஜார் சிடியையும் பரத்வாஜ் கொடுத்ததையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

"முதல்ல இதைப் போடுடி" என்று பஜார் சிடியைக் கொடுத்தேன். மிஷின் கொஞ்ச நேரம் முனகிவிட்டு, முடியாது என்று எழுதிக் காட்டியது. "இப்போ இதை" என்றேன். ஷ்ரேயா போட்டாள். நான் அந்த வீட்டு சோபா நுனியில் உட்கார்ந்து, ஓடக்கூடாது, ஓடக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். நீலத் திரை வந்தது. டிங்டிங்கென்று மணி அடித்தது. கட்டைவிரல் உயரத்துக் கராக் நடந்து வந்து குழியில் விழுந்தான்.

"சித்தி, இதையா வாங்கினேள்? அங்கேயே எல்லாரும் இதைத் திட்டறாளாம். என் ஃப்ரெண்ட் சொன்னா" என்றாள் ஷ்ரேயா.

வீட்டுக்கு வந்ததும் பரத்வாஜைப் பிடித்தேன். "ஒரிஜினலை ஏண்டா டூப்ளிகேட்னு சொன்னே?"

"ஒரிஜினல்னா நம்பமாட்டேங்கறேள். எத்தனை தடவைதான் சொல்றது? பசிச்சுது மன்னி."

"ஸ்டிக்கரை ஏன் சுரண்டினே?"

தலையைச் சொறிந்தான். "அங்கேயே அதைப் பாதி விலைக் கூடையில போட்டுட்டான். நீங்கோ ஆசையாக் கேட்டேள். பாதி விலை ஸ்டிக்கரோட குடுத்தா நன்னாயிருக்குமா?"

நான் சிடியைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவனே சொன்னான். "விடுங்கோ மன்னி. உங்க கடை நன்னா நடக்கறது. நான் வெள்ளிக்கிழமை ஃப்ளைட் ஏறிடுவேன். டூப்ளிகேட்னு யார் கூப்பிட்டா எனக்கென்ன?"

நியாயமான பேச்சு. நானும் விடத்தான் பார்த்தேன். ஆனால் அன்று சாயங்காலமும் நெடுஞ்செழியன் வாசலில் நின்று, "தகவல் எதனா வந்துச்சா மாமி?" என்றான். "இல்லப்பா" என்றேன். இல்லாத சாமானுக்கு ஒரு பிள்ளை துபாய்த் தகவலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். யாராவது ஒருவன் தட்ட, "மாமி சொன்னா சரி" என்று அவன் எழுந்து போகும்போதெல்லாம் நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். நிஜத்தைச் சொன்னபோது சந்தேகப்பட்டார்கள். பொய்யைச் சொன்ன பிறகு கும்பிடுகிறார்கள். நாற்காலியில் உட்காரவே கூசியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தின் பொங்கல் போட்டி இறுதி ஆட்டம். தண்டர் கேட் மூன்றாம் பாகம். ஒரு பக்கம் சாய்சரண், இன்னொரு பக்கம் கராக்கோடு நெடுஞ்செழியன். ஷெட் கொள்ளாமல் தெரு வரை கூட்டம். ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டத்தில் இருவருக்கும் உயிர் நூலளவு. சாய்சரண் பாய்ந்தான். படம் நின்றது.

"ஏய், தட்டிட்டான்!" என்று கோபாலபுரத்துக்காரர்கள் எழுந்தார்கள்.

"எவண்டா தட்டினான்? உங்காளுதான் தட்டினான்!" மந்தைவெளிக்காரர்களும் எழுந்தார்கள். பெஞ்சுக் கால் தரையில் கிறீச்சிட்டது. உள்ளே கூடத்தில் எங்காத்துக்காரர் பேப்பரை மடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

நெடுஞ்செழியன் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினான். "இன்னாத்துக்கு கூவறீங்க? மாமி கீறாங்க. மாமி சொன்னா கராக்கே சொன்ன மாதிரி. சொல்லுங்க மாமி. எனக்கே தெர்ல. நானா தட்டினேன்?"

நான் பார்த்திருந்தேன். சந்தேகத்துக்கே இடமில்லாமல் பார்த்திருந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. இந்த வாயை நம்பித்தானே கேட்கிறான் என்று இருந்தது.

"அதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொல்லணும்" என்றேன். "பரத்வாஜ் குடுத்த சிடி ஒரிஜினல்தான். சிப் வைக்காத மிஷின்ல போட்டுப் பாத்துட்டேன். ஓடறது. அவன் என் தொல்லை தாங்காம டூப்ளிகேட்னு சொன்னான். நான் அதைப் பிடிச்சுண்டேன். துபாய்லேர்ந்து வேற எதுவும் வராது, நெடுஞ்செழியன். அவ்வளவுதான் அந்த கேம். அதைச் செஞ்சவாளே அப்படித்தான் செஞ்சிருக்கா."

இப்போது கிளம்பும், இப்போது பெஞ்சு பறக்கும் என்று நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். எங்காத்துக்காரர் உள்கதவில் வந்து நின்றார். கூட்டத்தில் யாரோ, "மாமி பொய் சொல்றாங்கப்பா" என்று ஆரம்பித்தான். நெடுஞ்செழியன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அவன் அடங்கிவிட்டான்.

"நிச்சயமா மாமி?"

"நிச்சயம்."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "வௌவாலு, குழி, எல்லாமே அவங்களே வச்சதா?" என்று கேட்டான்.

"ஆமாம்."

"பாதி நாள் ஆடினேன் மாமி. கை எப்படிப் போச்சுன்னு ஒரு தபா காட்டிருக்கலாம்ல?"

ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். என் வார்த்தையை நம்ப ஆரம்பித்துவிட்டான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

டிவியில் கராக் பாதிக் குத்தில் நின்றுகொண்டிருந்தான். நெடுஞ்செழியன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான்.

"சரி. ஆட்டத்துக்கு வாங்க மாமி. ஸ்டார்ட் தட்டினது யாரு?"

"நீதான்" என்றேன்.

"நானா?" என்று தன் கட்டைவிரலை ஒரு தடவை திருப்பிப் பார்த்தான். அப்புறம் ரிமோட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து சாய்சரணுக்குக் கை கொடுத்தான்.